இலைமேல் வைத்த கல்

நம் பள்ளி வாட்ஸ்அப் குழுவில் அவள் போட்ட படத்தை நீங்கள் எல்லோரும் பார்த்தாயிற்று. இதயம் போட்டவர்கள் போட்டீர்கள், கை கூப்பியவர்கள் கூப்பினீர்கள். அறுபதைத் தாண்டியவர்களுக்குப் பழைய படம் என்றாலே கண்ணில் நீர் வந்துவிடுகிறது. 'கொல்லிமலைத் தோழியுடன் சேலம் சுற்றிய பொன்னாள், ஆடிப்பெருக்கு' என்று அதன்கீழ் எழுதியிருக்கிறாள்.

முதலில் மாதத்தைத் திருத்திவிடுகிறேன். அது ஆடி இல்லை, ஆவணி. ஆடிப்பெருக்கில் நம்மவர் யாரும் கீழே இறங்குவதில்லை. கீழ்நாட்டார்தான் அறப்பளீஸ்வரர் கோயிலுக்கு ஏறி வருவார்கள். நம் வீடுகளில் வாழைத்தாரும் மிளகும் விற்க ஆள் போதாது. நம்பாதவர்கள் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஸ்டூடியோ அலமாரியின் மேல் தட்டில் களிமண் பிள்ளையார் இருக்கிறார். கழுத்தில் எருக்கம்பூ மாலை வாடித் தொங்குகிறது. சதுர்த்தி முடிந்தும் கரைக்காமல் விட்ட பிள்ளையார். ஆக ஆவணி.

நான் மழையையும், மிளகுக் கொடி பூப்பதையும், பலாவின் முதல் பழம் விழுவதையும் மாதம் தவறாமல் குறிப்பவள் என்று நீங்கள் கேலி செய்வது தெரியும். கையில் கிடைத்த சரித்திரப் புத்தகங்களை எல்லாம் படித்தவள் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். அடித்தவன் எழுதும் கதையில்தான் மாதம் தப்பும். அடிபட்டவனுக்குத் தப்பாது.

படத்தை இன்னொரு முறை பாருங்கள். அட்டையில் செய்த கார். ஸ்டியரிங் அவள் கையில். பின்சீட்டில் நான், எண்ணெய் வழியும் தலையோடு. என் வலது கை காரின் விளிம்பைப் பிடித்திருக்கிறது. இடது கை மூடியிருக்கிறது. அந்தப் படத்தின் பிரதி எனக்குத் தரப்படவே இல்லை. இத்தனை காலம் கழித்து, போன வாரம்தான் முதன்முதலாகப் பார்த்தேன். பார்த்ததும் என் கண் போனது அந்த மூடிய கைக்குத்தான். அதற்குள் என்ன இருந்தது என்று உங்களில் ஒருவருக்கும் தெரியாது. அவளுக்குத் தெரியும்.

அவளுடைய அம்மா நம் டீச்சரம்மா. சேலத்திலிருந்து மாற்றலாகி வந்தவர். வாரம் முழுவதும் மகளோடு குவார்ட்டர்ஸில் இருப்பார். சனிக்கிழமை விடிந்ததும் முதல் பஸ்ஸில் இறங்கி, மறுநாள் சாயங்காலம் திரும்பிவிடுவார். பள்ளிக்கூடம், குவார்ட்டர்ஸ், பஸ் நிற்குமிடம். இந்த மூன்றுக்கும் அப்பால் அவர் இந்த மலையில் கால் வைத்ததில்லை. 'மலைக்காரங்க ஊட்டுல கண்டதைத் தின்னாதே' என்று மகளுக்குக் கட்டளை. மகள் என்ன செய்தாள்? என் பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பள்ளி விட்டதும் என்னோடு எங்கள் ஊரான அரியூர் நாட்டுக்கு நடந்தாள். எங்கள் பலா மரத்தடியில் சம்மணம் போட்டு, முழங்கை வரை பால் வழிய வழியத் தின்றாள். இரண்டு ஆனி மாதங்கள் அப்படித் தின்றாள்.

நம் வழக்கத்தை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் உங்கள் பேரப்பிள்ளைகள் படிக்கக்கூடும் என்பதால் எழுதுகிறேன். பசித்தவன் எவன் மரமானாலும் அடியில் உட்கார்ந்து வயிறாரத் தின்னலாம். யாரையும் கேட்க வேண்டாம். தின்று முடித்ததும் தோலையும் கொட்டையையும் மரத்தடியிலேயே குவித்து, மேலே ஒரு இலையைப் போட்டு, இலைமேல் ஒரு கல்லை வைத்துவிட்டுப் போக வேண்டும். குரங்கு தின்னவில்லை, கரடி தின்னவில்லை, மனுசன் தின்றிருக்கிறான் என்று மரத்துக்காரனுக்குத் தெரிய வேண்டும். அவ்வளவுதான். அதில் ஒன்றை மடியில் கட்டி எடுத்துப் போனால் மட்டும் அது களவு.

இதை அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான். கல் உருண்டுவிடாமல் எப்படி வைப்பது என்று கேட்டுக் கேட்டு வைத்தவள் அவள்.

"என்னடி இது, கையெழுத்துப் போடற மாதிரி இருக்கு" என்று சிரித்தாள் ஒருநாள்.

"ஆமா. நீ போட்ட கையெழுத்து உருண்டு ஓடுது பாரு" என்றேன்.

சேலத்துக்கு என்னை அழைத்தது அவள்தான். ரயிலைக் காட்டுகிறேன் என்றாள். என் சித்தப்பா பொட்டைப் பிள்ளையைப் பட்டணத்துக்கு அனுப்புவதா என்று குதித்தார். அப்பா, "டீச்சரம்மா கூடப் போறா. அதுக்கு மேல என்ன காவல் வேணும்?" என்று வாயை அடைத்தார். அந்த ஒரு வாக்கியத்துக்காக அப்பா எவ்வளவு கொடுக்க வேண்டியிருந்தது என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

அம்மா ஒரு சீப்பு மலைவாழையும், வறுத்த தினைமாவில் தேன் கலந்து பிடித்த உருண்டையும் மஞ்சள் பையில் வைத்துக் கொடுத்தாள். பஸ் இறங்கிய மலைப்பாதை வளைவுகளில் டீச்சரம்மா எலுமிச்சம்பழத்தை மூக்கில் அழுத்திக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். அவள் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக் கக்கினாள். நான் அவள் முதுகைத் தடவிக் கொடுத்தேன். அடிவாரத்தில் காரவள்ளி வந்ததும், "கீழ வந்தாத்தான்டி உசுரே வருது" என்றாள். எனக்கோ கீழே வந்ததும் காது அடைத்தது, காற்று வெந்நீர் போல முகத்தில் பட்டது.

சேலத்தில் அன்று பார்த்தவற்றை இன்றைக்கும் வரிசை மாறாமல் சொல்லுவேன். முதலில் ஜங்ஷன். பிளாட்பாரத்தின் கோடியில் நின்றோம். எஞ்சின் வந்தபோது தரை என் பாதத்துக்குள் அதிர்ந்தது. கரிப்புகை, இரும்பு, மூத்திரம் எல்லாம் கலந்த அந்த வாசனை எனக்குப் பிடித்திருந்தது. ரயில் போன பிறகு பிளாட்பாரம் முடியும் சரிவில் தண்டவாளத்துக் கருங்கல் ஜல்லி ஒன்று தனியாகக் கிடந்தது. குனிந்து எடுத்தேன். நம் மலைக்கல்லைப் போல வழுவழுப்பு இல்லை. ஒவ்வொரு முனையும் வெட்டியது போல, ஒரு பக்கம் எண்ணெய்க் கறுப்பு.

"எதுக்குடி கல்லு? உங்க மலையில கல்லுக்கா பஞ்சம்?"

"இது ரயிலு மிதிச்ச கல்லு" என்றேன்.

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அதன்பின் கடைவீதி, பூக்கடை நெரிசல், தட்டுவடையில் வெங்காயமும் சட்னியும் வைத்து ஒருவர் நீட்டியது, கோட்டை மாரியம்மன் கோயில், கடைசியில் ஸ்டூடியோ. கேமராக்காரர், "பாப்பா, கையத் தொற" என்றார். நான் திறக்கவில்லை. கல் விழுந்துவிடும் என்று பயம். அந்த மூடிய கைதான் இப்போது உங்கள் எல்லோருடைய போனிலும் இருக்கிறது.

டீச்சரம்மா குடியிருந்தது வாடகை வீடு. முன்பக்கம் வீட்டுக்காரம்மா, பின்பக்கம் இவர்கள், நடுவில் ஒரு முற்றம், முற்றத்தில் ஒரு கொய்யா மரம். வீட்டுக்காரம்மாவுக்குப் பெரிய உடம்பு, சின்னக் குரல். கோபம் வந்தால் மட்டும் குரல் பெருக்கும். என்னைப் பார்த்ததும், "இதுதான் உங்க மலைப் புள்ளையா டீச்சர்? பாத்தா நம்ம புள்ளையாட்டமே இருக்குதே" என்றார். டீச்சரம்மா பெருமையோடு, "நல்லாப் படிக்கும்" என்றார். வாழைப்பழத்தையும் தினை உருண்டையையும் மாடிப்படிக்கு அடியில் வைத்தார்கள். அங்கேயே இருந்தன. மறுநாள் எறும்பு மொய்த்தது.

ராத்திரிச் சாப்பாட்டுக்குத் தட்டில் இரண்டு இட்லி வைத்து, "போதுமா?" என்றார் டீச்சரம்மா. நம் வீடுகளில் 'போதுமா' என்று யாரும் கேட்பதில்லை. வேண்டாம் என்று கையால் மறைத்தாலும் வந்து விழும். கேட்டால் 'போதும்' என்று சொல்வதுதான் மரியாதை என்று நினைத்தேன். சொன்னேன். தட்டை எடுத்துவிட்டார்கள்.

விடியலில் பசி எழுப்பியது. வீடு உறங்கிக்கொண்டிருந்தது. முற்றத்துக்கு வந்தேன். கொய்யா பழுத்து, கிளி கொத்தினதும் கொத்தாததுமாகத் தரையிலும் கிளையிலும். நான் வேறென்ன செய்திருப்பேன்? மரத்தடியில் குந்தினேன், தின்றேன். வயிறு அடங்கியதும், அரைகுறையாக விட்ட காம்பையும் தோலையும் குவித்தேன். நல்ல அகலமான கொய்யா இலை ஒன்றைப் பறித்து மூடினேன். பூச்செடி ஓரத்திலிருந்து ஒரு கல்லை எடுத்து மேலே வைத்தேன். உருளாமல் வைத்தேன். பிறகு உள்ளே வந்து படுத்துத் தூங்கியும் விட்டேன். களவு செய்தவள் அப்படித் தூங்குவாளா?

எழுப்பியது வீட்டுக்காரம்மாவின் பெருத்த குரல்.

"டீச்சர்! சீக்கிரம் வாங்க டீச்சர்! மரத்தடியில என்னமோ வெச்சிருக்கு! ஐயோ, கை வெக்காதீங்க! கொல்லிமலைக்காரங்க வெக்கிறது. தொட்டா கை வெளங்காமப் போயிரும்!"

நான் சிரித்துக்கொண்டேதான் வெளியே போனேன். அதை இன்றைக்கும் என்னால் பொறுக்க முடியவில்லை. சிரித்துக்கொண்டே போனேன்.

"நாந்தானுங்க வெச்சேன். பசிச்சுதுங்க. தின்னேனுங்க. மனுசன் தின்னதுன்னு தெரியோணுமுன்னு வெச்சேனுங்க."

"பாத்தீங்களா, அவளே ஒத்துக்கிறா! எந்த ஊருலடி திருடித் தின்னவ கல்லு வெச்சுச் சொல்லிட்டுப் போவா? யாருக்கு மருந்து வெச்ச? எனக்கா, எம் மகனுக்கா?"

"எங்க ஊரு வழக்கமுங்க."

"உங்க ஊரு வழக்கம் உலகத்துக்கே தெரியுமே!"

டீச்சரம்மாவின் முகம் வெளுத்திருந்தது. என்னைப் பார்த்து அல்ல, வீட்டுக்காரம்மாவைப் பார்த்து. நான் அவளைக் காட்டினேன். கதவுநிலையில் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"அவளக் கேளுங்க டீச்சர். அவளுக்கு நல்லாத் தெரியுமுங்க."

டீச்சரம்மா திரும்பினார். "ஏய், இது என்னடி? உனக்குத் தெரியுமா?"

அவள் என்னைப் பார்த்தாள். மரத்தடியைப் பார்த்தாள். அந்தக் கல் எவ்வளவு ஒழுங்காக உட்கார்ந்திருக்கிறது என்று அவள் பார்த்ததை நான் பார்த்தேன்.

"எனக்குத் தெரியாதும்மா. நான் அங்கெல்லாம் போனதே இல்ல."

பிறகு என் மஞ்சள் பையைக் கொட்டினார்கள். பாவாடை, ரிப்பன், உதறியபோது டங்கென்று அந்த ஜல்லி. வீட்டுக்காரம்மா அலறிப் பின்வாங்கினார். "இன்னொரு கல்லு! கொண்டாந்தே இருக்கிறா!" அது ரயில் கல் என்று அவளுக்குத் தெரியும். அதற்கும் வாய் திறக்கவில்லை. வீட்டுக்காரம்மா முறத்தால் அதைத் தள்ளித் தள்ளிக்கொண்டு போய்ச் சாக்கடையில் விட்டார். 'தொபுக்' என்று ஒரு சத்தம். சேலத்திலிருந்து நான் கொண்டுவர நினைத்தது அது ஒன்றுதான்.

"படிக்கிற புள்ளைன்னு கூட்டிட்டு வந்தேன். புத்தியக் காட்டிட்ட பாத்தியா" என்றார் டீச்சரம்மா. பஸ்ஸில் எனக்குத் தனி சீட்.

இப்போது எனக்குப் புரிகிறது. டீச்சரம்மாவுக்கு அந்த வீடு போனால் வேறு வீடு கிடைப்பது கஷ்டம். சம்பளத்தில் பாதி அவர் பிறந்த ஊருக்குப் போய்க்கொண்டிருந்தது என்று பின்னால் கேள்விப்பட்டேன். அவளுக்கோ, பலா மரத்தடிக்கு வந்தது தெரிந்தால் முதுகில் விழும். எல்லாம் புரிகிறது. புரிந்துவிட்டால் மன்னித்தாக வேண்டும் என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது?

அதோடு முடிந்திருந்தால்கூட நான் இவ்வளவு எழுதியிருக்கமாட்டேன். அந்த வாரத்தில் வீட்டுக்காரம்மாவுக்கு இருமல் வந்தது. வைத்தவர்களே வந்து எடுக்க வேண்டும் என்று அடம்பிடித்தார். டீச்சரம்மா அப்பாவைப் பள்ளிக்கு வரச் சொன்னார்.

"ஒரு தடவ வந்து எதாச்சும் செஞ்சு எடுத்துருங்க. அந்தம்மா நிம்மதியாயிரும்."

"எனக்கு மந்திரமெல்லாம் தெரியாதுங்க டீச்சரம்மா."

"தெரிஞ்ச மாதிரி செய்யுங்க. உங்க மகளோட படிப்பையும் பாக்கணுமில்ல?"

ஊரில் எல்லைத் தகராறு, மரத் தகராறு என்றால் அப்பாவைத்தான் கூப்பிடுவார்கள். எது பசி, எது களவு என்று தீர்ப்புச் சொன்ன மனிதர். அவர் என்னையும் கூட்டிக்கொண்டு சேலத்துக்கு இறங்கினார். முன்வாசல் வழியாக விடவில்லை. சந்து வழியாக முற்றத்துக்குப் போனோம். அப்பா முதலில் நல்லபடியாகவே சொல்லிப் பார்த்தார்.

"இது ஒண்ணுமில்லீங்க அம்மிணி. பசிச்சுத் தின்னவங்க வெக்கிற அடையாளமுங்க."

"அதெல்லாம் எனக்கு வேண்டாம். எடுத்துருங்க."

அப்பா ஒரு சொம்பு தண்ணீர் கேட்டார். கொய்யா மரத்தைச் சுற்றி வந்து தண்ணீரைத் தெளித்தார். உதடு முணுமுணுத்தது. வீட்டுக்காரம்மா கண்ணை மூடிக் கும்பிட்டார். நான் பக்கத்தில் நின்றதால் எனக்குக் கேட்டது. சாமை, தினை, பனிவரகு, கேழ்வரகு, கொள்ளு, மொச்சை. மறுபடியும் சாமை, தினை. விதைக்கிற வரிசையில் சொல்லிக்கொண்டு போனார்.

முடிந்ததும் வீட்டுக்காரம்மா சொன்னார்: "இலை, கல்லு, மரத்தடியில கெடக்கிற பழம், எல்லாத்தையும் நீங்களே எடுத்துட்டுப் போயிருங்க. எங்க மண்ணுல இருக்கக் கூடாது."

அப்பா அசையாமல் நின்றார். "தின்னுட்டு வேணும்னாப் போறனுங்க. எடுத்துட்டுப் போறது..."

"எடுத்துட்டுத்தான் போகோணும்."

அப்பா தோளிலிருந்த துண்டை எடுத்தார். குனிந்தார். இன்னொருவர் மரத்துப் பழத்தைத் துண்டில் போட்டு முடிந்து, மடியில் கட்டிக்கொண்டார். என் அப்பா. ஜன்னல் கம்பிக்குப் பின்னால் அவள் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் பலாவைத் தின்ற வாய் அப்போதும் மூடியிருந்தது.

பஸ் நிலையத்துக்குப் போகும் வழியில் ஒரு ஆட்டுக்கு முன்னால் துண்டை அவிழ்த்தார். உதறினார், இன்னும் உதறினார். "தின்னது தப்பில்ல சாமி" என்றார் என்னிடம்.

தலை குனிந்தால் பிரச்சினை தாண்டிப் போய்விடும் என்று அப்பா நினைத்தார். அது அவர் போட்ட தப்புக் கணக்கு. மரத்தைச் சுற்றித் தண்ணீர் தெளித்தாரே, அதுவே சாட்சியாகிவிட்டது. குவார்ட்டர்ஸ் முழுக்கப் பேச்சு. பொழுது சாய்ந்ததும் ஆபீஸ்காரர்களின் மனைவிமார் எங்கள் வாசலுக்கு வந்தார்கள். "ஏனுங்க, புள்ளைக்கு ஒரு கயிறு கட்டிவிடுங்க." "ஏனுங்க, இவரு குடிய நிறுத்தறாப்பல எதாச்சும்." அப்பா இல்லை என்று சொல்லச் சொல்ல, பெரிய மந்திரவாதிதான் இப்படி அடக்கமாக இருப்பான் என்று போனார்கள். என்னைக் குவார்ட்டர்ஸ் பிள்ளைகள் 'மந்திரக்காரி' என்றார்கள். கூப்பிட ஆரம்பித்தது அவள் என்று சொல்லமாட்டேன். தடுத்தாள் என்றும் சொல்லமாட்டேன்.

நீங்களும் இருந்தீர்கள். இலையும் கல்லும் என்னவென்று உங்கள் எல்லோருக்கும் தெரியும். "வெச்சா என்னாக்கும், அதுக்குப் போயி" என்று என்னிடம் சொன்னீர்கள். டீச்சரம்மாவிடம் ஒருவரும் சொல்லவில்லை. அதையும் நான் மறக்கவில்லை.

பொறுத்தார் பூமி ஆள்வார் என்பார்கள். நான் பூமி கேட்கவில்லை. ஆனி மாதம் வரட்டும் என்று பொறுத்திருந்தேன்.

ஆனியில் பலா பழுத்தது. வீட்டுக்காரம்மாவும் வந்தார். கொல்லிமலைக்குப் பயப்படுகிறவர்கள்தான் கொல்லிமலைக்கு வந்தே தீருவார்கள். எட்டுக்கை அம்மனைக் கும்பிட்டு மிச்சம் மீதியையும் கழித்துவிட வேண்டும் என்று, டீச்சரம்மாவோடு குவார்ட்டர்ஸில் வந்து தங்கினார். அவளும் வாலாக எல்லா இடமும் சுற்றிக் காட்டினாள். அருவி, கோயில், சந்தை. எங்கள் மலையை அவள் சுற்றிக் காட்டினாள்!

நான் ஒரு பலாப்பழத்தை அறுத்து, சுளைகளை வாழை இலையில் கட்டிக்கொண்டு போனேன். எங்கள் மரத்துப் பழம், ஆகவே மடியில் கட்டலாம். ஒரு விஷயத்தில் நான் கண்டிப்பாக இருந்தேன். தின்னாத இடத்தில் இலை வைப்பது பொய்க் குறி. அது நம் வழக்கத்தில் கிடையாது. ஆகவே குவார்ட்டர்ஸ் படியில் உட்கார்ந்து சுளை தின்றேன். கொட்டையைக் குவித்து, பலா இலை போட்டு, கல் வைத்தேன். தண்ணீர்க் குழாயடியில் தின்றேன், வைத்தேன். அவர்கள் கோயிலுக்குள் போயிருந்தபோது, வீட்டுக்காரம்மாவின் செருப்புக்குப் பக்கத்தில் குந்திக் கடைசிச் சுளையையும் தின்றேன், வைத்தேன். அந்தச் சுளைபோல இனித்த ஒன்றை நான் அதற்குப் பிறகு தின்றதில்லை.

வீட்டுக்காரம்மா செருப்பில்லாமலே குவார்ட்டர்ஸுக்கு ஓடினார். படியில் ஒன்று. குழாயடியில் ஒன்று. அவர் போட்ட சத்தத்தில் செம்மேடு ஊரே கூடியிருக்கும். டீச்சரம்மா என்னைப் பிடித்துவரச் சொன்னார். வராந்தாவில் நின்றோம், நான் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம்.

"நீதானடி வெச்ச? இதுக்கு என்னடி அர்த்தம்?"

போன தடவை எல்லா அர்த்தமும் சொல்லியிருந்தேன். இந்தத் தடவை அவளைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"எனக்குத் தெரியாதுங்க டீச்சர். உங்க புள்ளையக் கேளுங்க."

டீச்சரம்மா கேட்டார். கெஞ்சினார்கூட. "தெரிஞ்சாச் சொல்லுடி. இந்தம்மா வீட்டக் காலி பண்ணச் சொல்றாங்க. தெரிஞ்சாச் சொல்லு."

அவள் மாட்டிக்கொண்டாள். 'மனுசன் தின்னது' என்று சொன்னால் போதும், வீடு நிற்கும். ஆனால் அப்படிச் சொன்னால் ஆவணியிலேயே தெரியும் என்றாகும். தன் வாயாலேயே பொய்க்காரி ஆக வேண்டும். அவள் உதடு அசைந்தது. நான் காத்திருந்தேன். எனக்கு வேண்டியது வீட்டுக்காரம்மாவின் பயமல்ல. அந்த ஒரு சொல்.

"எனக்குத் தெரியாதும்மா."

அடுத்த பஸ்ஸிலேயே வீட்டுக்காரம்மா இறங்கினார். எலுமிச்சம்பழம் போதாமல் வளைவுக்கு வளைவு பஸ்ஸை நிறுத்தச் சொன்னாராம்; நடத்துனர் சந்தையில் நடித்துக் காட்டிச் சிரித்தார். ஆடியில் யாரும் குடி மாற மாட்டார்கள் என்பதால், ஆனி முடிவதற்குள் காலி செய்யும்படி ஆயிற்று. கிடைத்த வீட்டுக்கு அள்ளிப் போட்டுக்கொண்டு போனார்கள். டீச்சரம்மா மாற்றல் வாங்கிக்கொண்டார். கடைசியாக அவர்கள் மலையிறங்கிய பஸ்ஸை நான் ரோட்டோரம் நின்று பார்த்தேன். அவள் ஜன்னலோரம் இருந்தாள். முதல் வளைவுக்கு முன்பே எலுமிச்சம்பழம் மூக்கில் இருந்தது. இந்த முறை முதுகைத் தடவ ஆளில்லை. நான் கையசைக்கவில்லை.

மனம் ஆறியதா என்றால், இல்லை. வீடு போனது, சொல் வரவில்லை. அப்பா போய்ச் சேரும் வரை ஒரு கொய்யாப்பழத்தைக் கையால் தொடவில்லை.

இப்போது படத்துக்கு வருகிறேன். 'பொன்னாள்' என்று எழுதிவிட்டு, ஆனியில் நாம் எல்லோரும் கூடுவதற்குத் தானும் வருவதாகவும், 'என் தோழியின் பலா மரத்தடியில் மறுபடி உட்கார ஆசை' என்றும் போட்டிருந்தாளே. நான் பதில் எழுதவில்லை. மரத்தடிக்குப் போய், முந்திப் பழுத்த பழத்தில் ஒரு சுளை தின்று, கொட்டையைக் குவித்து, இலை போட்டுக் கல் வைத்து, படம் எடுத்துப் போட்டேன். நம்மவர்கள் நீங்கள் வழக்கம்போல வாயை மூடிக்கொண்டீர்கள். குவார்ட்டர்ஸில் வளர்ந்த வனத்துறைக்காரர் மகன் மட்டும் கேட்டான், 'இது என்னங்க அக்கா?'

'எனக்குத் தெரியாது. அவளைக் கேள்' என்று போட்டேன்.

எழுதிக்கொண்டிருக்கிறாள் என்று காட்டியது. நின்றது. மறுபடி காட்டியது. அன்று பகல் முழுக்க அப்படித்தான். மறுநாள் காலையில் இரண்டு சொல் வந்தது, நீங்களும் பார்த்தீர்கள். 'மனுசன் தின்னது.' பூ இல்லை, இதயம் இல்லை.

பிறகு போன் அடித்தது.

"அப்பவே தெரியும்டி எனக்கு" என்றாள். குரல் கிழடாகியிருந்தது. "அம்மா தோலை உரிச்சிருவாங்கன்னு பயம்."

"எங்கப்பா மடியில கட்டுனாரு. நீ ஜன்னல்ல நின்ன."

பிறகு அவளே கேட்டாள்:

"ஆனியில வரட்டுமா?"

"வா" என்றேன். "பசியோட வா. எங்க மரம் யாரையும் வேண்டாமுன்னு சொன்னதில்ல. வயிறு முட்டத் தின்னு. ஆனா தின்னு முடிச்சதும் எல்லாரு முன்னாலயும் நீயே குனிஞ்சு குவிச்சு, இலை போட்டு, கல்லு வெக்கோணும். எங்கூர்ல இருந்து ஒரு சுளைகூட மடியில கட்டிட்டுப் போக விடமாட்டேன்."

"மன்னிச்சேன்னு ஒரு வார்த்தையாச்சும்..."

"அதையுந்தான் மடியில கட்ட விடமாட்டேன்" என்றேன்.

ஆகவே ஆனியில் எல்லோரும் தவறாமல் வந்துவிடுங்கள். முட்டி வலி, பேரன் காதுகுத்து என்று சாக்குச் சொல்லாதீர்கள். அன்று வாயை மூடிக்கொண்டிருந்தவர்கள் இம்முறை வட்டமாக நின்று, கண்ணைத் திறந்து பார்க்க வேண்டும். நல்ல கனமான கல்லாக ஒன்றை எடுத்து வைத்திருக்கிறேன். உருளாது.